பதினொரு விநாடி இறக்கம்

விடியுமுன் மூன்று சைக்கிள்கள்
அநுராதபுரச் சந்தியைக் கடந்து
கன்னியா வீதியில் ஏறுகின்றன.
வெந்நீர்க் கிணற்றுக்கு வந்த வான்காரர்
வாளியோடு நின்று பார்க்கிறார்கள்.
ஒரு பெண், நாற்பது தாண்டியவள்,
ஹெல்மெட்டுக்குள் கொண்டையைத் திணித்துக்கொண்டு
இந்நேரம் காட்டுக்குள் என்னத்தைத் தேடப்போகிறாள்?

தேடி முடிச்சாச்சு ஐயா.
இப்ப ஓடத்தான் போறன்.

வன இலாகாவின் மஞ்சள் கல்லடியில்
தடம் பிரிகிறது.
முதலில் ஏற்றம். செம்மண், சல்லி,
பாலைப்பழக் கொட்டைகள் சில்லுக்கடியில் வழுக்கும்.
யானை போட்டுப்போன லத்தியில் ஆவியில்லை,
போகலாம்.
இர்பாத்தின் கியர் பல்லை நறநறக்கிறது.
இரவு முழுக்க மீன் ஏற்றிவிட்டு
கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தவன்,
முழங்கையில் இன்னும் ஒரு செதில்.
திலின, ஒட்டுப்பெட்டியை மறந்து வந்தவன்,
"அக்கே" என்று தொடங்குகிற தமிழை
"முள்ளு" என்று முடித்துவிடுவான்.

உச்சியில் தண்ணீர் குடிக்கிறோம்.
மரங்களுக்கு மேலால் குடாக்கடல்
உருக்கி ஊற்றிய ஈயம்.

இனி இறக்கம்.
பொடியன்கள் அளந்து வைத்திருக்கிறார்கள்:
வளைந்த கருங்காலியிலிருந்து ஓடை மணல்வரை
பதினொரு விநாடி.

நானும் அளந்தேன் ஒருகாலம்.
நான்கு மாதமும் பதினாறு நாளும்.
இதே சரிவில், முழங்காலில்,
முகத்துக்கு முன் கீறல் விழுந்த கண்ணாடி,
நெஞ்சிலே நீலக் கவசம், உள்ளே வியர்வைக் குளம்,
கையில் பூக்கன்று நடுகிற அளவில் ஒரு கரண்டி.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
புல்லைக் கத்தரியால் நறுக்கு,
கருவியை மண்ணுக்கு மேலால் ஆட்டு,
அது கத்தினால் மூச்சை வை,
மேலிருந்து அல்ல, பக்கத்தாலே, பக்கத்தாலே சுரண்டு.
வீட்டில் தோட்டவேலை என்று சொல்லியிருந்தேன்.
பெரிய பொய்யுமில்லை.

பிரேக்கை விடுகிறேன்.
கல்.
கிளை, குனி.
இடது தோளை மரம் உரசி விடுகிறது.
காட்டுக்கோழி ஒன்று திட்டிக்கொண்டு விலக
கண்ணீர் காதுப்பக்கம் ஓட
வயிறு ஒரு முழம் பின்னால் வர
வீரை மரத்து வேர் வருகிறது.

அங்கே மட்டும்
என் விரல்கள் என்னைக் கேட்பதில்லை.
பின்சில்லு மண்ணை உழும்.
"அக்கா, அது வெறும் வேர்! பாய்ஞ்சு போங்க!"

வெறும் வேர்தான். எனக்குத் தெரியாததா?
அந்த வேரடியில் கருவி மூன்று நாள் கத்தியது.
நான்கு விரற்கடை ஆழத்தில்
தூரிகை தட்டத் தட்ட
வளைந்து வெளிவந்தது
ஒரு சைக்கிள் மணியின் மூடி.
மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு
துருச் சாமான் வாளிக்குள் போட்டார்.
படிவத்தில் எழுதினேன்: இரும்பு. ஆபத்தில்லை.
ஆர் ஓட்டினது, ஏறிப்போனதா இறங்கிவந்ததா,
மணி அடிக்க நேரம் கிடைச்சதா,
அதுக்கெல்லாம் படிவத்தில் கட்டமில்லை.

ஓடை மணலில் சில்லுப் புதைந்து நிற்கிறேன்.
திலின கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான்.
பதின்மூன்று.
ரயரில் காற்றுக் கூட, என்கிறான் ஒருவன்.
வயசு, என்று மற்றவன் மெல்ல.
வயசும்தான்.

இர்பாத்தின் முன்ரியூபில் சூரைமுள்.
உருட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.
பாதிவழியில், தாழ்ந்த பாலைக் கொப்பொன்றைக் கண்டு
திலின தடத்தைவிட்டுக் காலை வைக்கிறான்.

நில்!

காட்டில் அப்படி நான் கத்தி
அவன் கேட்டதில்லை.
ஒற்றைக் காலில் கொக்காய் நிற்கிறான்.
நான் பார்க்கிறேன்: பற்றை, புற்று, சாய்ந்த மரம்,
அதன் பட்டையில்
என் கையால் பூசிய வெள்ளை
நகமளவு மிச்சம்.

"அது நான் முடிச்ச பக்கம்" என்கிறேன்.
"போ, போய்ப் பறி."

என்னத்தை முடிச்சது என்று கேட்கத்தான்
வாயெடுக்கிறான்.
பழப்பால் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது.
இன்னொன்றைப் பிய்த்து
எனக்கு நீட்டுகிறான்.