முதலில் ஓட்டை

தொண்ணூற்றிரண்டு பவுண்டு,
அனுப்பும் செலவும் சேர்த்து.
பெட்டியைத் திறந்தால்
விரல் பருமனில் ஒரு பம்பு,
கறுப்புக் குழாய், வளைந்து கொடுக்கும் புகைக்குழல்,
எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்று குறையும் திருகாணிகள்,
ஒரு கையேடு.
அதன் மூன்றாம் பக்கத்தில் யாரோ
ஏதோ ஒரு மொழியிலிருந்து இழுத்துவந்து போட்டிருந்தார்கள்:
நெருப்பு பயப்படாமல் பார்த்துக்கொள்ளவும்.

கின்லோக்பெர்வி. மீன் கூடத்தின் பின்புறம்
வண்டிகள் நிற்கும் சரளைத் தரை.
டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
முன்பு ரொட்டி விற்ற வேன் இது.
பிய்த்தெடுத்த எழுத்துகளின் தடம்
சாய்வெயிலில் மட்டும் வாசிக்க வரும்:
'இன்று சுட்டது'.
அதற்குள்தான் பத்து நாளாக
விறைத்துக் கிடக்கிறேன்.

பகலெல்லாம் பெட்டிகளில் ஐஸ் அள்ளிப் போடுவது என் வேலை.
கூலிக்குக் குளிர், சரி.
இரவிலும் எதற்கு, இலவசமாக?

முர்டோ வருகிறேன் என்றான்.
சனிக்கிழமை என்றான்.
எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வந்தவள் டைவா.
ஃபில்லே வெட்டும் மேசையில் எனக்கு எதிரே நிற்கும்
லித்துவேனியாக்காரி.
கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி
வட்டம் அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்திருந்தாள்.
யாருடையது என்றேன்.
திங்கட்கிழமை கேட்பார்கள், அப்போது தெரியும் என்றாள்.

வேனுக்கடியில் மல்லாந்து படுத்து
பிரேக் குழாய் இங்கே, சட்டம் இங்கே என்று
தடவித் தடவிப் பார்த்தேன்.
மேலே வந்து அளந்தேன். மறுபடி கீழே.
குளிரை வெளியே நிறுத்துவதற்கு
முதலில் தரையில் ஓட்டை போட வேண்டும் என்பதை
மனசு ஏற்கவே இல்லை.
டைவா என் முகத்தைப் பார்த்தாள்,
டிரில்லை வாங்கினாள்,
போட்டாள்.

தரையின் ஒரு வட்டம் கழன்று விழுந்தது,
இரும்பு, பலகை, செக்ஸ் போட்ட வினைல்,
மூன்றடுக்குப் பணியாரம் போல.
ஓட்டை வழியே சரளையும்
ஒரு நண்டுக் காலும் தெரிந்தன.
காற்று நேராக என் கால்சட்டைக்குள் ஏறியது.

அறுத்த விளிம்பு துருப்பிடிக்காமலிருக்க
பெயின்ட் வாங்க மறந்திருந்தேன்.
டைவாவின் பையில் நகப்பூச்சு இருந்தது.
மாதுளை நிறம்.
யாரும் பார்க்கப்போகாத இடத்தில்
இரண்டு கோட்டிங், ஊதி ஊதி.

பிறகு பம்பு.
அது படுக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது;
அலாரத்தை அணைத்துவிட்டு
எழலாமா என்று யோசிக்கிறவனைப் போல
சாய்ந்தபடி இருக்க வேண்டுமாம்.
மூச்சு இழுக்கும் குழாயும் விடும் குழாயும்
ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக் கூடாதாம்.

சுவிட்சைப் போட்டேன்.
டிக். டிக்.
குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி
டிக்குக்கு ஒரு நெல்மணி தூரம் நகர்ந்தது.
நகர்ந்து, நின்று,
திரையில் இ-பத்து.
மறுபடி. இ-பத்து.
மூன்றாம் தடவை
வேனுக்கடியிலிருந்து வெள்ளைப் புகை
குமட்டிக்கொண்டு கிளம்பியது.
டைவா தன் மொழியில் ஏதோ சொன்னாள்,
நல்ல வார்த்தையாக இருக்காது.
பிறகு புகை மெலிந்தது, சத்தம் ஒரு சீருக்கு வந்தது.
நெருப்புக்குப் பயம் தெளிந்துவிட்டது.

தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்தினேன்.
நிறமில்லை, வாசனையில்லை,
வருகிறேன் என்று சொல்லாமலே வரும்;
முர்டோவுக்கு நேர் எதிர்.

பத்து மணிக்கு டைவா தன் விடுதிக்குப் போனாள்.
ரம்பத்தைக் காலுறையோடு எடுத்துக்கொண்டு.

ஒன்றரை மணி இருக்கும்.
அடியில் ஏதோ உரசியது.
டார்ச்சோடு இறங்கினால்
முதுகில் நீலக்குறி போட்ட ஓர் ஆடு,
புகைக்குழலின் வாயை ஒட்டி,
சூடேறிய சரளையில் கண்மூடிப் படுத்திருந்தது.
இரு, ஆனால் குழாயை அடைக்காதே என்றேன்.
பின்புறத்தைப் பிடித்துத் தள்ளினேன்.
நான்கடி போய், திரும்பி வந்து, அதே இடம்.
கடைசியில் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
நடுவில் வேலி வைத்தேன்.
அது பெட்டியின் மறுபுறம் சாய்ந்து
அசைபோடத் தொடங்கியது.

விரல்கள் செத்துப்போயிருந்தன.
கதவை இழுத்தேன்.
உள்ளேயே கிடந்தவளுக்குத் தெரியாமல்
இத்தனை நேரமும் அங்கே இருந்த ஒன்று
முகத்தில் வந்து மோதியது.
மூக்குக் கண்ணாடி முழுக்க மங்கிவிட்டது.
துடைக்கவில்லை.
அப்படியே, ஒன்றும் தெரியாமல்,
கொஞ்ச நேரம் நின்றேன்.