ஒன்பதாவது

வீல்தானூஸில் டிராம் நிற்கும் முன்பே
போனைத் திறந்துவிடுகிறேன்.
நேற்றுப் பதினான்கு.
இன்று ஒன்பது.

மூன்று கல்லூரிகளுக்கு எழுதினேன்.
ஒன்று இல்லையென்றது, ஒரே வரியில்.
ஒன்று இன்னும் வாய் திறக்கவில்லை.
லியோனில் இருப்பது மட்டும்
என்னை வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

'இருக்கும் இடத்தை ஏன் விடுகிறீர்கள்?'
இரண்டு பக்கத்தில் கேட்டிருந்தார்கள்.
மழைக்கு ஒழுகும் விரிவுரை மண்டபத்தை எழுதவில்லை.
நான் வேலைக்கு ஓடும் நாட்களில்
எனக்கும் சேர்த்துக் குறிப்பெடுக்கும்
லூசீலை எழுதவில்லை.
அவளிடம் இன்னும் சொல்லவுமில்லை.

எனக்கு முன்னால் எட்டுப் பேர்.
லா ஷப்பேல் கடையில்
மரவள்ளிக்கிழங்கு நிறுக்கும்போதெல்லாம்
அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்:
இதைவிடப் பெரிய பெயருள்ள கல்லூரி அழைக்கட்டும்,
வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கட்டும்,
ஒருத்திக்காவது
பாரிஸை விட்டுப் போகவிடாத காதல் வாய்க்கட்டும்.
இத்தனை பேருக்கு இத்தனை நல்லது
ஒருநாளும் நினைத்தவளில்லை நான்.

நள்ளிரவில்தான் உறைத்தது:
பத்தாவதாக நிற்கும் ஆளும்
இந்நேரம் விழித்திருக்கும்.
எனக்காக என்னவெல்லாம் வேண்டுகிறதோ.

காலையில் லூசீல் கேட்டாள்,
அடுத்த வருடம்
எந்தப் பாடம் சேர்ந்து எடுப்போம் என்று.
டிராம் கதவு மூடுகிற சத்தத்தில்
காதில் விழாததுபோல் நின்றேன்.

இன்னும் ஒன்பது.