இரண்டு மணி

வியாழன்தோறும் முதல் படகில் வருகிறேன்.
பையில் காகித அளவுகோல், பஞ்சுக்குச்சி,
உப்புநீர்ப் புட்டிகள், கேமரா.
ஃபின்மார்க் கரையோரத் தீவு, ஜனவரி.
காலை எட்டாகியும் ஜன்னலுக்கு வெளியே மை.

ஏழாம் அறை. எய்லெர்ட் க்வாம்மே, வயது தொண்ணூற்றொன்று.
வாலெலும்பின் மேல் படுக்கைப்புண், நான்காம் நிலை.
தாளில் இவ்வளவுதான் இருக்கும்.

ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பழைய கட்டைப் பிரித்தால்
முதலில் வாடை வரும், பிறகுதான் புண்.
முகம் சுளிக்காமலிருக்கப் பழக
எனக்கே ஆறேழு வருடம் ஆயிற்று.
அவர் மகள் இன்னும் நடைபாதையில்தான் நிற்கிறாள்,
கையில் ஆரஞ்சுப் பையோடு.

தலை இருக்கும் பக்கம் பன்னிரண்டு மணி,
கால் ஆறு. புண்ணுக்கும் ஒரு கடிகாரம் உண்டு.
இரண்டு மணித் திசையில் ஒரு பொந்து:
பஞ்சுக்குச்சி உள்ளே போகிறது,
போகிறது,
முட்டுகிறது.
விளிம்பில் விரலை வைத்து அடையாளம் பிடித்து
அளவுகோலில் கிடத்துகிறேன்.

"எத்தனை பாகம்?" என்கிறார் தலையணைக்குள் இருந்து.
முப்பது வருடம் கடலடியை அளந்தவர்,
முதலில் ஈயக்குண்டும் கயிறும், பிறகு ஒலிக்கருவி.
"மூன்று சென்டிமீட்டர்."
"தரை எப்படி? சேறா?"
மஞ்சள் சவ்வுதான் பெரும்பாலும்.
ஓரத்தில் மட்டும் மீன்சினை போலச் சிவப்புக் குருணை.
"புதுச் சதை கொஞ்சம்."
"அப்போ சரளை. நங்கூரம் பிடிக்கும்."

கழுவுகிறேன். செத்ததைச் சுரண்டி எடுக்கிறேன்.
பொந்துக்குள் கடற்பாசி நாரை வைக்கிறேன்,
நிரப்ப வேண்டும், இறுக்கக் கூடாது.
இந்தப் பாசிக்காட்டில்தான் அவர் கயிறு சிக்குமாம்,
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வெட்டுவாராம்.
"இப்ப பழி வாங்குது பாரு" என்று சிரிக்கிறார்.
புண்ணும் சேர்ந்து குலுங்குகிறது.
சிரிக்காதீர்கள், ஒட்டும்வரையாவது.

போன வாரம் இரண்டரை. இன்று ஏன் மூன்று?

கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது:
இரண்டு மணிக்கொரு முறை புரட்டல், இடம், வலம்.
இரவுக் கட்டங்களில் எல்லாம் 'மி', 'மி', 'மி'.
மிஹ்ரெத், அஸ்மாராக்காரி.
ஞாயிறு பின்னிரவு இரண்டும் நாலும் காலி.
பேனாவை எடுத்து இரண்டையும் வட்டமிட்டேன்,
தாள் கிழியாத குறை.

பணி முடித்துக் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி வந்தாள்.
வட்டத்தைப் பார்த்தாள்.
"அன்னிக்குப் புயல். கூட வர வேண்டியவள் வரலை.
இருபத்துமூணு பேர்.
பதினோராம் அறையில ஒருத்தர் போய்க்கிட்டிருந்தார்,
கையைப் பிடிச்சிருந்தார். எடுக்க முடியலை."
அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மை அழியாது. வட்டங்களுக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்: அன்றிரவு ஆள், ஒருத்தி.
யார் படிக்கப் போகிறார்கள், தெரியாது.
படத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

அவரை வலப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.
கோட்டைக் கழற்றாமலே
விரிப்பின் அந்த முனையைப் பிடித்தாள்.
இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும்.
ஒன்று, இரண்டு என்றேன்,
மூன்றை அவரே சொன்னார்.
முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.
குதிகால் இரண்டும் காற்றில்.

கட்டத்தில் யார் எழுத்தைப் போடுவது?
அவள் வருகைப் பதிவை மூடியாயிற்று.
என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்,
பதினாறு வருடத்தில் முதல் தடவையாக
அளவு அல்லாத ஒன்றுக்கு.

எட்டு நாற்பது.
அடுத்தது பத்து நாற்பது.