மீதிப் பணம்

ஐந்தரைக்கு முதியோர் இல்லத்தில் வேலை.
முதல் பஸ் ஆறு பத்துக்கு.
நடுவில் விழுகிற அந்த நாற்பது நிமிடத்தை
யாரிடமாவது விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும்.

சன்ஷைன் என்று பேர் வைத்த ஊரில்
ஜூலை முழுக்க மழை.
நனைந்துகொண்டே கடை பார்த்தேன்.

பெரிய கடையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
உள்ளே நின்ற பெடியன்
என் உயரம் கேட்கவில்லை,
எங்கே ஓடப்போகிறாய் என்றும் கேட்கவில்லை.
"இன்றைக்கு மட்டும்" என்றான், அறுநூற்று நாற்பது டொலர்.
வியாழன் போனபோதும் இன்றைக்கு மட்டும்தான்.
அவனுடைய கலண்டரில்
நாளைக்கு என்று ஒரு தாளே இல்லை.

கராஜில் வைத்து விற்றவர் எண்பதுக்குத் தருவதாகச் சொன்னார்.
கவிழ்த்துப் பெடல் அச்சின் அடியைப் பார்த்தேன்.
இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில்
அரம் தேய்த்த தடம், புத்தம் புதிதாய், மினுக்கமாய்.
எங்கேயோ ஒருத்தி
வெறும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.
வேண்டாம் அண்ணை என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் விளங்கியது.

மூன்றாவது கடைக்குள் நான் போகவில்லை.
எதிர்ப்புறத்து பேக்கரியில்
ஒரு பன்னை நான்கு சனிக்கிழமைகளாகச் சாப்பிட்டேன்
என்றுதான் சொல்லவேண்டும்.
போனவர்களில் யார் திரும்பி வருகிறார்கள்,
எந்த முகத்தோடு வருகிறார்கள்.
ஒரு தபால்காரர், இரண்டு தரம்.
பிள்ளையின் குட்டிச் சைக்கிளைத் தோளில் போட்டபடி ஒரு தகப்பன்.
ஒருவர் கத்திக்கொண்டே வந்தார்.
கடைக்காரி துயெட் கத்தி முடியும்வரை கேட்டுவிட்டு
டயரிலிருந்து ஓர் ஆணியை உருவி
அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
ஒட்டுப்போட்டதற்குக் காசும் வாங்கினாள்.
காசு வாங்கியது எனக்குப் பிடித்தது.

போனேன்.
சுவரில் தொங்கிய நீலத்தை வேண்டுமென்றே கேட்டேன்,
கடையிலேயே விலை கூடியது அது.
துயெட் என் சப்பாத்தைப் பார்த்தாள்.
"எத்தனை மாடி ஏறவேண்டும்?"
மூன்று.
"அப்போ இது இல்லை."
பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை உருட்டி வந்தாள்.
கைபிடியில் ஓர் அட்டை:
பின் சில்லு கொஞ்சம் கோணல்.
பெயின்ட் உரிந்திருக்கு.
சங்கிலி மட்டும் புதிது.

நான் கண்டுபிடித்து விலை குறைக்க வைத்திருந்ததையெல்லாம்
அவளே எழுதித் தொங்கவிட்டிருந்தாள்.

குறை சொல்லி விற்பதும் ஒரு தந்திரமாக இருக்கலாம்.
எனக்குள் இருக்கிற கணக்குப்பிள்ளை இதைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்துவதில்லை.
போன வருடம் அறைக்குக் கட்டிய முற்பணம்
இன்னும் திரும்பி வரவில்லை,
அதிலிருந்து அவன் தூங்குவதும் இல்லை.

ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கத்தியது.
தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது.
"ரப்பர் புதிது" என்றாள். "ஒரு வாரம் கத்தும்.
பாதி தா. நின்ற பிறகு மீதி."
அடையாள அட்டை கேட்கவில்லை.
பற்றுச்சீட்டில் நிரோஜினியை
நிரோ என்று எழுதினாள்.
பாதிப் பணத்துக்குப் பாதிப் பேர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது:
நான்கு சனிக்கிழமை அந்த பன்னோடு
ஒரே கதிரையில் உட்கார்ந்திருந்தவளை
அவளும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்திருப்பாள்.

இருட்டோடு கிளம்புகிறேன்.
ரயில் கடவை, மூடிய இறைச்சிக்கடை,
வேலைக்கு ஐந்து இருபதுக்கே போய்விடுகிறேன்.
மீதி நூற்றுப் பத்து டொலர்
அரிசி டின்னுக்குள், ரப்பர் பாண்டு போட்டு.

இன்று ஆறாம் நாள்.
இன்னும் கத்துகிறது.
நேற்றையைவிடக் கொஞ்சம் குறைவாக
என்று நினைக்கிறேன்.