மூன்றாம் வாங்கு

தை மாதம், பள்ளிக்கூடம் திறந்த கிழமை
வலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.
பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம்
பிள்ளைகளின் மனநலம் விசாரிக்க வேண்டும்.
பரிவு, பொறுமை, பகிர்தல்,
ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி.
தவணை முடிவில் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

நான் கணித டீச்சர்.
குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூரில் இறங்கி
அங்கிருந்து ஸ்கூட்டியில் பதினொரு கிலோமீற்றர்.
அந்த ஐந்து நிமிடத்தில்
இரண்டு கணக்குச் செய்து முடிக்கலாமே என்று
வழியெல்லாம் புறுபுறுத்தபடி வந்தவள்.

"எப்படி இருக்கிறீங்க?"
"சுகம் டீச்சர்."
இருபத்தேழு வாயும் ஒரே வாயாக.
நானும் சுகம் என்று எழுதி
வெண்கட்டியைக் கையில் எடுப்பேன்.
நாலு நாள் இப்படித்தான் போனது.

ஐந்தாம் நாள்
மூன்றாம் வாங்கில் லோஜிதன் கிடந்தான்,
கொப்பியில் கன்னம் ஒட்ட.
போன வருசமென்றால் வெளியே நிறுத்தியிருப்பேன்.
நிறுத்தியும் இருக்கிறேன். இரண்டு முறை.

"அவனுக்குச் சுகமில்ல டீச்சர்" என்றாள் வேணுஜா.
"ராவு ஆனை வந்திட்டு.
வெள்ளாமை வெட்ட இன்னும் எட்டு நாள் கிடக்கு.
தகப்பனும் அவனும்தான் வட்டைக்குள்ள காவல்.
தகப்பனுக்கு ஒரு கண் தெரியாது,
டோச் அடிக்கிறது இவன்தான்."

இருபத்தேழு சுகத்தில்
ஒன்று பொய்யென்று அன்றைக்குத்தான் கண்டேன்.
பிறகு ஒவ்வொருவராய்க் கேட்கக் கேட்க
ஒன்பது.

அடுத்த நாள் வந்து பார்த்தால்
மூன்றாம் வாங்கு சுவரோரம் போயிருந்தது,
வெயில் விழாத பக்கம்.
கபிசனின் புத்தகப்பை தலையணையாகியிருந்தது.
வேணுஜாவின் கொப்பிக்குள் கார்பன் தாள்.
முதல் பாடம் மட்டும், அதற்குமேல் இல்லை என்று
தங்களுக்குள் தீர்த்திருந்தார்கள்.
மணி அடித்ததும் உலுப்பி எழுப்பினார்கள்.
முகம் கழுவ ஒரு தண்ணீர்ப் போத்தல்,
நீல மூடி, யாருடையதோ.

எனக்கு மிஞ்சிய வேலை குரலைக் குறைப்பது.
இருபது வருசம் தொண்டை கிழியக் கற்பித்தவள்
இருபடிச் சமன்பாட்டை
கோள் சொல்வதுபோல் சொன்னேன்.
கடைசி வாங்குக்கும் கேட்டது.

அடுத்த புதன் ஆசிரிய ஆலோசகர் வந்தார்,
கக்கத்தில் கோப்பு, சீமெந்தில் சப்பாத்து அதிர.
"என்ன இது, வகுப்பில பிள்ளை நித்திரையா?"
கபிசன் விரலை உதட்டில் வைத்தான்.
வைத்த பிறகுதான்
யாரைப் பார்த்து வைத்தேனென்று விளங்கி
கையை மேசைக்கடியில் ஒளித்தான்.

வேணுஜா அவரருகே போய் ஏதோ சொன்னாள்.
எனக்குக் கேட்கவில்லை.
அவர் கடைசி வாங்கில் போய் இருந்தார்.
கரும்பலகையில் நான் விட்ட ஒரு சய அடையாளத்தை
கை உயர்த்தி, கிசுகிசுத்துத் திருத்தினார்.
போகும்போது நுனிக்காலில் போனார்.
அதிபரின் அறைக்குப் போனதும்
பழைய குரல் திரும்பியது;
இங்கு வரைக்கும் கேட்டது.

வெட்டு முடிந்துவிட்டது.
லோஜிதன் இப்போது விழித்துக்கொண்டே
காரணிகளைப் பிழையாகப் பிரிக்கிறான்.
நான் இன்னும் ஏசுகிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

படிவம் மேசையில் கிடக்கிறது, நாளை கடைசி நாள்.
பரிவு, பத்துக்கு எத்தனை?
கபிசனுக்குப் போடலாம். வேணுஜாவுக்குப் போடலாம்.
நீல மூடிப் போத்தல் யாருடையதென்று
இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.
எந்தப் பெயருக்கு நேரே எழுத?