முப்பது ஃபிரேம்

காட்பாடி ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
தகரம் வேய்ந்த அறை.
சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு
டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பியிருக்கிறேன்.
மே மாதம். எனக்கு வியர்த்தால் பரவாயில்லை,
அதற்கு வியர்த்தால் ரெண்டர் நின்றுவிடும்.

கல்யாண அழைப்பிதழ் வீடியோ.
கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்க
யாரோ உட்கார்ந்து தட்டுவதுபோல
எழுத்தெழுத்தாய் வரவேண்டும்.
தொடக்கத்தில் சுழியம், முடிவில் நூறு,
இரண்டே கீஃபிரேம்.
ஆங்கிலத்துக்கு அவ்வளவுதான்.

தமிழ் அப்படி வராது.
'கொ' என்றால் முதலில் மொட்டையாய் ஒரு க,
அப்புறம்தான் முன்னால் கொம்பும் பின்னால் காலும்
ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.
பந்தியில் பாதி சாப்பிட்டவனை
நகர்ந்து உட்காரச் சொன்னதுபோல் க நகரும்.
புள்ளி எப்போதும் லேட்.
அதனால் ஒவ்வொரு எழுத்தையும் கையால் வெட்டி
முழுசாய் வைப்பேன்.

மாப்பிள்ளை பெயர், தேதி,
சத்துவாச்சாரி மண்டபம் எல்லாம் முடித்த ராத்திரி
கல்யாணப் பெண் பேசினாள், இந்துஜா,
அப்பாவுக்குத் தெரியாத நம்பரிலிருந்து.

"அம்மா பேரு போடக்கூடாதுன்னுட்டாரு.
பதினோரு வருஷமா எங்க வீட்ல
யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல.
தப்பா டைப் பண்ணிட்டு அழிக்கிற மாதிரி காட்டுவீங்கல்ல?
அப்படிப் போட்டு அழிச்சிடுங்க.
அழிக்கிறதுக்கு முன்னாடி இருந்தா போதும்."

பெயர் என்ன என்றேன்.
பொற்கொடி.

எண்ணிப் பார்த்தேன். நமக்கு நாலு எழுத்து,
மென்பொருளுக்கு எட்டு.
இதை மட்டும் நான் வெட்டவில்லை.
ப தனியாக வரட்டும், கொம்பு வந்து தள்ளட்டும்,
ற வந்தபின் புள்ளி விழட்டும்.
ஒன்றுக்கு இரண்டு ஃபிரேம், பதினாறு.
கோடு ஏழு ஃபிரேம் நிற்கிறது.
பிறகு பின்னோக்கி:
பொற்கொட
பொற்கொ
பொற்க
ஒவ்வொரு ஃபிரேமாய் ஏழு.
ப மட்டும் மிஞ்சியபோது கையை எடுத்துவிட்டேன்.

அவர் பெயர் பரசுராமன்.
அந்தப் ப-விலிருந்தே தொடங்கிற்று.

மறுநாள் குடியாத்தத்திலிருந்து நேரே வந்தார்.
ஃபோனில் வேண்டாமாம், பெரிய திரையில் பார்க்கணுமாம்.
பார்த்தார்.
"ஊர் பேருக்கு அப்பறம்
இன்னாமோ தப்பா வந்து போவுதே?"
"அது ஸ்டைலுங்க.
நெசமா ஆளு டைப் பண்றாப்ல இருக்கும்."
இன்னொரு தடவை போடச் சொன்னார்.
அப்புறம் இன்னொரு தடவை.
மூன்றாவதில் மவுஸைத் தானே வாங்கி
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்
திருப்பிக் கொடுத்தார்.

மீதி ஆயிரத்து ஐந்நூறை ஜிபேயில் அனுப்பிவிட்டு
படியில் நின்றபடி சொன்னார்:
"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிடு."
விசை தட்டும் சத்தத்தைத்தான் சொன்னார்.
ஃபேனையும் சொல்லியிருக்கலாம்.