ஜன்னலோரக் குப்பைக்கீரை

இடுப்பெலும்பு முறிந்த முப்பத்து மூன்றாம் நாள்.
செல்லூர். கத்திரி வெயில்.
ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே
நானும் ஒரு பாட்டில் தண்ணீரும்
வெந்துகொண்டிருக்கிறோம்.

பாட்டிலில் மார்க்கர் பேனாவால்
நாலு கோடு போட்டிருக்கிறாள் சோலைப்பேச்சி.
பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை.
ஆரப்பாளையம், சிம்மக்கல், தெப்பக்குளமென்று
டிக்கெட் கிழித்தவனுக்கு
தண்ணீரிலும் ஸ்டேஜ்.

குடித்தால் வரும்.
வந்தால் கூப்பிட வேண்டும்.
கூப்பிட்டால், மாவுக் கையைக் கழுவிவிட்டு
அந்த பிளாஸ்டிக் குவளையோடு
அவள்தான் வரவேண்டும்.
முகம் சுளிக்க மாட்டாள்.
அதுதான் தொண்டையை அடைக்கிறது.

ஜன்னல் கம்பி வழியே
ஒவ்வொரு கோடாக ஊற்றினேன்.
"ம், குடிச்சாச்சு."

வேர்வை நின்றது. நல்லதென்று நினைத்தேன்.
நாக்கு செருப்புத் தோலானது.
வந்த கொஞ்சமும் கடுங்காப்பி நிறம்.
சாயங்காலம் சுவரில் பஸ் ஓடியது.
படியில தொங்காதே, உள்ள போ உள்ள போ என்று
கத்தினேனாம்.
தெர்மாமீட்டரில் நூற்றி மூன்று.
கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில்
ராத்திரி முழுக்க ஈரத்துண்டு
மாற்றி மாற்றி.
பாட்டில் குளுக்கோஸ் இரண்டு இறங்கியது.

விடிந்து துண்டு உலர்த்தப் போனவள்
ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.
சந்தெல்லாம் புழுதி.
என் சுவரோரம் மட்டும்
ஒரு சாண் உயரம்
தளதளவென்று குப்பைக்கீரை.

திட்டவில்லை.
கிள்ளி, வேகவைத்து,
தண்ணியாக, இரண்டு கல் உப்போடு
டம்ளரில் கொண்டுவந்தாள்.
"நீங்க ஊத்தி வளத்ததுதான். குடிங்க."

குடித்தேன்.
முக்கால் மணி கழித்து
பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.